மறு: ‘தரவு நிறைவு’ சரியா?

வணக்கம் ஐயா.

> மேலாண்மைப் படிப்புச் சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வில் வரும் ‘டேட்டா சஃபிஷியன்சி’ (Data Sufficiency) கேள்வி வகைக்கு, நீங்கள் சொல்லும் ‘தரவுப் போதுமை’யை விட ‘தரவு நிறைவு’ என்று வைக்கலாமே. ‘போதும்’ பேச்சுவழக்கு, கலைச்சொல்லுக்கான கம்பீரம் இல்லை.

கம்பீரத்தை அப்புறம் பார்க்கலாம். ‘நிறைவு’ கணக்கிலேயே இடிக்கிறது. இந்த வகையில் விடையைக் கேட்பதில்லை, கொடுத்த கூற்றுகள் விடை காணப் போதுமா என்றுதான் கேட்பார்கள். நேற்று வகுப்பில் போட்ட இரண்டைச் சொல்கிறேன்.

பேனா என்ன விலை? கூற்று 1: 3 பேனாவும் 2 நோட்டும் 80 ரூபாய். கூற்று 2: 6 பேனாவும் 4 நோட்டும் 160 ரூபாய். மாறி இரண்டு, சமன்பாடும் இரண்டு என்று எண்ணிவிட்டு முக்கால்வாசிப் பேர் ‘சேர்ந்தால் போதும்’ என்று குறித்தார்கள். இரண்டாவது, முதலாவதன் இரட்டிப்பு. புதிதாக எதுவும் சொல்லவில்லை. சேர்ந்தாலும் போதாது.

அடுத்தது, 8 ரூபாய்ப் பேனாவும் 11 ரூபாய் நோட்டும் வாங்கியதில் மொத்தம் 105 ரூபாய். பேனா எத்தனை? மாறி இரண்டு, சமன்பாடு ஒன்றே ஒன்று. ஆனால் பேனாவை அரையாக வாங்க முடியாதே! 105-இலிருந்து பதினொன்று பதினொன்றாகக் கழித்தால் 94, 83, 72. இந்த 72 மட்டும்தான் எட்டால் வகுபடும். கீழே 61, 50, 39, 28, 17, 6 எதுவும் தேறாது. 9 பேனா, 3 நோட்டு, வேறு வழியில்லை. அந்த ஒரே சமன்பாடு போதும்.

முதல் கணக்கில் தரவு நிறைந்துதான் இருந்தது, பயன் இல்லை. இரண்டாவதில் குறைவாகத் தெரிந்தது, வேலை முடிந்தது. இதை ‘நிறைவு’ என்று எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

> அப்படியானால் ‘தரவுச் சால்பு’?

இதில் எனக்கும் ஆசைதான். ‘இந்திரனே சாலுங் கரி’ என்கிறது 25-ஆம் குறள். இந்திரனே போதிய சாட்சி என்று பொருள். நம் கேள்விக்கென்றே செய்தது போல இருக்கிறது. ஆனால் இன்று ‘சால்பு’ என்றால் சான்றோர் குணம். தேர்வுத்தாளில் பார்த்தால் பிள்ளைகள் தரவுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பார்கள்.

‘போதுமைக் கணக்கு’ என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். 2023 இறுதியில் வந்த ஜிமேட்டின் புதிய வடிவத்தில் இவ்வகை, கணிதப் பகுதியை விட்டு, 45 நிமிடத்தில் 20 கேள்விகள் கொண்ட தரவுப் பகுதிக்குப் போய்விட்டது. கணக்கே போடத் தேவையில்லாத கேள்வியும் வருகிறது. ‘தரவு’ முன்னால் நிற்கட்டும்.

‘போதாமை’ என்று தயங்காமல் எழுதுகிறோம். கணிதத்தில் ‘போதுமான நிபந்தனை’ இருக்கிறது. விடைத் தெரிவுகளையும் பாருங்கள்: 1 மட்டும் போதும், 2 மட்டும் போதும், சேர்ந்தால் போதும், தனித்தனியாகவே போதும், சேர்ந்தாலும் போதாது. ஐந்திலும் அதே வினை. தலைப்பில் மட்டும் வேறு சொல் எதற்கு?

கலைச்சொல் பட்டியலில் ஏற்றும்போது ‘ப்’ என்ற ஒற்றெழுத்தை விட்டுவிட வேண்டாம்: தரவுப் போதுமை.