மேற்குச் சுவரில் ஃபோம் மேல் போர்டு: மூலைப் பட்டியை எதில் பிடிப்பது?

திருநகர் மாடிவீடு:
வணக்கம். மாடியில் அம்மாவின் அறைக்கு மேற்கும் தெற்கும் வெளிச்சுவர், 9 இஞ்ச் செங்கல். அக்னி நட்சத்திரத்தில் ராத்திரி பத்து மணிக்குக் கை வைத்தாலும் சுவர் சுடும். அம்மாவுக்கு ஏசி காற்று ஒத்துக்கொள்வதில்லை. அதனால் இரண்டு சுவருக்கும் வெளிப்பக்கம் 50 மில்லி எக்ஸ்பிஎஸ் ஃபோம் (வெப்பம் தடுக்கிற கெட்டியான பாலிஸ்டைரீன் பலகை) ஒட்டியாகிவிட்டது. அதன் மேல் 8 மில்லி ஃபைபர் சிமெண்ட் போர்டு அடிக்கப் போகிறோம்.

வேலைக்கு வந்தவர் போர்டை நேரே ஃபோம் மேல் வைத்து ஸ்க்ரூ முடுக்கலாம், இரண்டு சுவரின் போர்டும் சேருகிற மூலையில் வருகிற பட்டியைப் பசை போட்டு ஒட்டிவிடலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆடிக் காற்று வந்து மோதுகிற மூலை அது. கீழே பிள்ளைகள் விளையாடுகிற சந்து. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ரசமட்டம்:
தங்கச்சி, முதலில் அந்த வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். எட்டுக்கு நாலு போர்டு ஒன்றே 30 கிலோவுக்கு மேல் வரும். ஃபோம் வெயிலைத் தடுக்கும், பாரம் தாங்காது. பாரம் முழுக்கச் செங்கல்லுக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஃபோம் மேல் செங்குத்தாக இரண்டு அடிக்கு ஒரு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சேனல் வையுங்கள். அதைப் பிடிக்கிற ஸ்க்ரூவின் நீளத்தில்தான் விஷயமே இருக்கிறது. ஃபோம் 50, பூச்சு 15, செங்கல்லுக்குள் 50. ஆக, நைலான் பிளக்கோடு 120 மில்லி ஸ்க்ரூ. கடையில் 75தான் இருக்கிறது என்று வாங்கி வந்தால் செங்கல்லில் 10 மில்லிதான் கடிக்கும். போர்டைச் சேனலில் முடுக்கினால் பின்னால் முக்கால் இஞ்ச் சந்து கிடைக்கும். சாரலில் கொஞ்சம் தண்ணீர் எப்படியும் உள்ளே போகும், அது வழிந்து கீழே இறங்க அந்தச் சந்து வேண்டும்.

அப்புறம் மூலை. ஃபோம் ஒட்டியதும் மூலை 2 இஞ்ச் வெளியே தள்ளிப் போய்விடுகிறது, கவனித்தீர்களா? அந்தப் புது மூலையில் ஸ்க்ரூ போட்டால் பின்னால் செங்கல்லே இல்லை, பக்கத்துச் சுவரின் ஃபோம்தான் இருக்கும். கொஞ்சம் தள்ளிப் போட்டாலும் செங்கல்லின் விளிம்பு தெறித்துவிடும். அதனால் ஃபோம் மூலையிலிருந்து 6 இஞ்ச் தள்ளி இரண்டு சுவரிலும் ஒவ்வொரு சேனல். தகடு மடிக்கிற பட்டறையில் 1.6 மில்லி ஜிஐ தகட்டில் பக்கத்துக்கு 8 இஞ்ச் வருகிற எல் ஆங்கிள் மடித்து வாங்கி, இரண்டு சேனலிலும் முடுக்குங்கள். மூலைக்கு முதுகெலும்பு மாதிரி அது. முடுக்குவதற்கு முன் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். மூலை கால் இஞ்ச் சாய்ந்தாலும் தெருவில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியும்.

மூலைப் பட்டியை இந்த ஆங்கிளில்தான் பிடிக்க வேண்டும். பட்டி முதலில், போர்டு பிறகு. நடுவில் 3 மில்லி விட்டு, பெயிண்ட் ஏற்கிற பியூ (பாலியூரிதேன்) சீலன்ட் போட்டு அடையுங்கள்.

மேலூர் ரோடு வேப்பமரம்:
அண்ணன் சொன்னதோடு இன்னொன்று. போர்டுக்குப் பின்னால் வருகிற சந்தின் கீழ்வாயையும் மேல்வாயையும் ஸ்டீல் வலை வைத்து மூடுங்கள், காற்று போக வேண்டும், அணில் போகக் கூடாது. எங்கள் சுவரை ஒட்டி வேப்பமரம் நிற்கிறது. அணில் ஃபோமைக் கொறித்துக் கொறித்துக் கீழே நீல உமியாகக் கொட்டிவைத்து, உள்ளே கூடும் கட்டிவிட்டது. ஃபோம் தீப்பிடிக்கிற பொருளும்கூட. அந்தப் பக்கம் கரண்ட் ஒயர் போனால் பைப்புக்குள் விடுங்கள். கிட்டத்தில் வெல்டிங் வைக்க விடாதீர்கள்.

திருநகர் மாடிவீடு:
ரொம்ப நன்றி அண்ணே. ஆங்கிளுக்கு இன்றைக்கே பட்டறையில் சொல்லிவிடுகிறேன். மேற்கு ஜன்னலுக்குச் சன்ஷேடு இருக்கிறது. அதன் மேல் போர்டை அப்படியே உட்கார வைக்கலாமா?

ரசமட்டம்:
வேண்டாம் தங்கச்சி. அரை இஞ்ச் தூக்கி நிறுத்துங்கள். அந்த இடத்தில் போர்டுக்குப் பின்னால் ஏறி, சன்ஷேடு மேல் வெளிப்பக்கம் சரிகிற மாதிரி அலுமினியத் தகடு வையுங்கள். பார்க்க நன்றாக இருக்கும் என்று அந்த அரை இஞ்சைச் சீலன்ட் வைத்து அடைக்கப் பார்ப்பார்கள். அடைத்தால் தண்ணீருக்குப் போக வழியில்லை, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டின போர்டு முனைக்கெல்லாம் ப்ரைமர் அடிக்கச் சொல்லுங்கள். வெட்டுகிற தூசியில் சிலிகா உண்டு. கட்டர் ஓடும்போது அம்மாவைக் கீழே இருக்கச் சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்துங்கள், வெட்டுகிறவருக்கு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். ஆங்கிள் வந்து சேரும்வரை ஃபோம் மேல் வெளிர்நிறத் தார்ப்பாய் கட்டி வையுங்கள், வெயிலில் விட்டால் மேல்பரப்பு பொடியாக உதிர ஆரம்பித்துவிடும்.