மூன்றாம் வகுப்பு: வீட்டுக் குழுவில் ஓர் இரவுத் தேடல்

மாமா, இரவு 7:52
எல்லாரும் இருக்கிறீர்களா? ஒரு முக்கியமான விஷயம். சின்னவனை மூன்றாம் வகுப்பிலேயே இன்னொரு வருடம் உட்கார வைக்கலாம் என்று பள்ளியில் சொல்கிறார்கள். வாசிப்பு இன்னும் பிடிபடவில்லையாம். வெள்ளிக்கிழமைக்குள் சம்மதக் கடிதம் கேட்கிறார்கள்.

அம்மா, இரவு 7:54
ஐயோ, அவனுக்குத் தெரியுமா தம்பி?

அத்தை, இரவு 7:58
நாங்கள் இன்னும் சொல்லவில்லை அண்ணி. நாலாம் வகுப்புப் புத்தகத்துக்கு எப்போது அட்டை போடுவோம் என்று நேற்று கேட்டான். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தாத்தா, இரவு 8:03
நான் தலைமை ஆசிரியராக இருந்த காலத்தில் எத்தனையோ பிள்ளைகளை அப்படி நிறுத்தியிருக்கிறோம். சிலருக்கு அது உதவியது. சிலர் அதோடு பள்ளிப் பக்கமே வரவில்லை. எது சரி என்று எனக்கு இன்றுவரை தீர்மானமாகத் தெரியாது.

மாமா, இரவு 8:05
அதனால்தான் கேட்கிறேன் கண்ணம்மா, நீதான் எம்.எட். படிக்கிறாயே. இதைப் பற்றி யாராவது முறையாக ஆராய்ந்திருப்பார்கள் இல்லையா? ஆளுக்கொரு கருத்து கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

நான், இரவு 8:06
நிச்சயம் இருக்கும் மாமா. எரிக் என்று கல்வி ஆய்வுக் கட்டுரைகளுக்கான ஓர் இணையத் தரவுத்தளம் இருக்கிறது, அதில் இப்போதே தேடுகிறேன். அரை மணி நேரம் கொடுங்கள்.

நான், இரவு 8:41
மாமா, கொஞ்சம் குழப்பமாக இருக்கிறது. பள்ளியில் பேசும் சொல்லையே எடுத்து 'டிடென்ஷன்' என்று போட்டேன். சிறார் காவல் இல்லங்களைப் பற்றியும், வகுப்பு முடிந்தபின் தண்டனையாக உட்கார வைப்பதைப் பற்றியும் கட்டுரைகள் வருகின்றன. 'ரிடென்ஷன்' என்று மாற்றினேன். குவியல் குவியலாக வருகிறது, ஆனால் பாதிக்கு மேல் கல்லூரி மாணவர்கள் பாதியில் நிற்காமல் தொடர்ந்து படிப்பதைப் பற்றி.

சித்தி, இரவு 8:44
நூலகத்தில் என்னிடம் வருகிற ஆராய்ச்சி மாணவர்களில் முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான். 'ரிடென்ஷன்' என்ற ஒரே சொல்லுக்குக் கல்வித் துறையில் நாலு பொருள் இருக்கிறது. மாணவர் கல்லூரியில் நிலைப்பது, ஆசிரியர் வேலையை விடாமல் இருப்பது, படித்தது மனதில் தங்குவது, பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்துவது. வெறும் சொல்லாகத் தேடினால் நாலும் சேர்ந்து வந்து விழும்.

சித்தி, இரவு 8:47
எரிக்கில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு நிலையான சொற்பட்டியலிலிருந்து சொற்களை எடுத்து ஒட்டுகிறார்கள். அந்தச் சொற்களுக்கு 'டிஸ்கிரிப்டர்' என்று பெயர். கட்டுரை எழுதியவர் எந்தச் சொல்லைப் போட்டிருந்தாலும், பொருள் ஒன்றென்றால் டிஸ்கிரிப்டரும் ஒன்றாகவே இருக்கும். நீ நினைக்கிற சொல் அவர்கள் பட்டியலில் என்ன பெயரில் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடி. தேடல் பெட்டிக்குப் பக்கத்திலேயே 'தெசாரஸ்' என்று ஒரு தாவல் இருக்கும், அதற்குள் போ.

நான், இரவு 8:53
கிடைத்துவிட்டது சித்தி! பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்துவதை 'கிரேடு ரெபிடிஷன்' என்று வைத்திருக்கிறார்கள். நினைவில் தங்குவதற்கு 'ரிடென்ஷன்' என்று போட்டு அடைப்புக்குள் 'சைக்காலஜி' என்று தனியாக இருக்கிறது. ஆசிரியர் நிலைப்பது 'டீச்சர் பெர்சிஸ்டன்ஸ்'. கல்லூரி மாணவர்களுக்கு 'ஸ்கூல் ஹோல்டிங் பவர்' என்று ஒன்று. இதை நானாக ஊகித்திருக்கவே முடியாது.

சித்தி, இரவு 8:55
அதேதான். இப்போது டிஸ்கிரிப்டர் என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, மேற்கோள் குறிக்குள் அந்த இரண்டு சொல்லையும் போட்டுத் தேடு. மேற்கோள் குறியை மறந்துவிடாதே.

அம்மா, இரவு 8:57
நீங்கள் இரண்டு பேரும் பேசுவது எனக்குப் பாதிதான் புரிகிறது. ஆனாலும் பேசுங்கள், படித்துக்கொண்டிருக்கிறேன்.

தாத்தா, இரவு 9:02
இந்த எரிக் எனக்குத் தெரியும் அம்மா. பயிற்சிக் கல்லூரி நூலகத்தில் மைக்ரோஃபிஷ் தகடுகளாக வைத்திருந்தார்கள். உள்ளங்கை அகலத் தகடு ஒன்றில் ஒரு முழு அறிக்கையே அடங்கிவிடும். விளக்குப் பெட்டியில் செருகி, கண்ணை இடுக்கிக்கொண்டு படிப்போம்.

சித்தி, இரவு 9:04
ஆமாம் அப்பா, அதுவேதான். 1964இல் தொடங்கியது. இன்று அமெரிக்கக் கல்வித் துறையின் கீழ் உள்ள கல்வி அறிவியல் நிறுவனம் நடத்துகிறது. 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. கட்டணம் கிடையாது, கணக்குகூடத் தொடங்க வேண்டாம். யார் வேண்டுமானாலும் திறந்து தேடலாம்.

நான், இரவு 9:15
சித்தி, இப்போது வேறு சிக்கல். நல்லதை மட்டும் எடுக்கலாம் என்று 'பியர் ரிவ்யூடு' கட்டத்தையும் 'முழு உரை' கட்டத்தையும் டிக் செய்தேன். எங்கள் பேராசிரியை வகுப்பில் சொன்ன 2001ஆம் ஆண்டு தொகுப்பாய்வை, அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்க்கும் கட்டுரையை, காணவில்லை. 'ஸ்கூல் சைக்காலஜி ரிவ்யூ'வில் வந்தது, ஷேன் ஜிமர்சன் எழுதியது.

சித்தி, இரவு 9:19
இரண்டு டிக்கையும் எடுத்துவிட்டுப் பார். துறை வல்லுநர்கள் சரிபார்த்த கட்டுரை என்ற குறியை 2000களின் நடுப்பகுதியிலிருந்துதான் எரிக்கில் முறையாகப் போடுகிறார்கள். அதற்கு முந்தைய கட்டுரை எவ்வளவு தரமானதாக இருந்தாலும் அந்தக் குறி பெரும்பாலும் இருக்காது. டிக் செய்த உடனே பழைய நல்ல ஆய்வெல்லாம் சத்தமில்லாமல் மறைந்துவிடும். இது எனக்கு நெடுநாள் வருத்தம். முதல் பக்கத்தில் வராதது உலகத்திலேயே இல்லை என்று முடிவுகட்டிப் போன மாணவர்களை எத்தனை முறை திருப்பி உட்கார வைத்திருக்கிறேன்!

சித்தி, இரவு 9:20
முழு உரை கட்டமும் அப்படித்தான். இ.ஜே. என்று தொடங்கும் எண் என்றால் இதழ்க் கட்டுரை. பெரும்பாலும் சுருக்கம் மட்டும் எரிக்கில் இருக்கும், கட்டுரை பதிப்பாளரிடம் இருக்கும். இ.டி. என்று தொடங்கினால் அறிக்கை, மாநாட்டுக் கட்டுரை போன்றவை. அவற்றில் நிறைய அங்கேயே பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். கிடைக்காத இ.ஜே. கட்டுரைகளின் எண்ணை எனக்கு அனுப்பு, நூலகம் வழியாக எடுத்துத் தருகிறேன்.

நான், இரவு 9:26
வந்துவிட்டது! 1984இல் 'ரிவ்யூ ஆஃப் எஜுகேஷனல் ரிசர்ச்' இதழில் வந்த இன்னொரு தொகுப்பாய்வும் சேர்ந்து வந்தது. அதன் தலைப்பில் 'ரிடென்ஷன்' என்ற சொல்லே இல்லை, 'நான்புரமோஷன்' (மேல்வகுப்புக்கு அனுப்பாமை) என்றுதான் இருக்கிறது. தலைப்புச் சொல்லை வைத்துத் தேடியிருந்தால் கையில் சிக்கியே இருக்காது.

மாமா, இரவு 9:28
சரி கண்ணம்மா, என்னதான் சொல்கிறார்கள்?

நான், இரவு 9:58
பொறுமையாகப் படித்துவிட்டு எழுதுகிறேன் மாமா. 1984, 2001 இரண்டும் ஏறக்குறைய ஒரே பக்கம்தான் நிற்கின்றன. அதே அளவு பின்தங்கியிருந்தும் மேல்வகுப்புக்குப் போன பிள்ளைகளோடு ஒப்பிட்டால், நிறுத்தப்பட்டவர்களுக்குப் படிப்பிலோ மனநலத்திலோ மொத்தத்தில் ஆதாயம் தெரியவில்லை. 2021இல் வந்த ஒரு தொகுப்பாய்வு கொஞ்சம் நிதானமாகப் பேசுகிறது. சராசரியாகப் பார்த்தால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை, எந்தச் சூழலில் எப்படிச் செய்தார்கள் என்பதைப் பொறுத்து மாறுகிறது என்கிறது.

அத்தை, இரவு 10:01
அப்படியென்றால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?

நான், இரவு 10:07
அவசரப்பட வேண்டாம் அத்தை. ஃபுளோரிடா மாநிலத்தைப் பற்றிய ஆய்வுகளும் இருக்கின்றன, அவற்றை மறைத்துவிட்டுச் சொல்ல எனக்கு மனமில்லை. அங்கே 2002-03 கல்வியாண்டிலிருந்து மூன்றாம் வகுப்பில் வாசிப்புத் தேர்வு வைத்து நிறுத்துகிறார்கள். நிறுத்தப்பட்ட பிள்ளைகளின் வாசிப்பு முதல் சில வருடங்களில் நன்றாகவே ஏறியிருக்கிறது. ஆனால் அங்கே வெறுமனே நிறுத்திவைக்கவில்லை. கோடை வாசிப்பு முகாம், கூடுதல் வாசிப்புப் பயிற்சி எல்லாம் சேர்ந்து நடந்திருக்கிறது.

நான், இரவு 10:10
இன்னொன்றும் கவனித்தேன். நிறுத்திய பிள்ளையை யாரோடு ஒப்பிடுகிறார்கள் என்பதில் பெரிய வித்தியாசம் வருகிறது. அதே வகுப்புப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இவன் ஒரு வயது மூத்தவன், அதனாலேயே முன்னேறியதுபோலத் தெரியும். அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் அந்த ஏற்றம் குறைகிறது. சுருக்கத்தை மட்டும் படித்தால் பல நேரம் இது தெரிவதில்லை.

தாத்தா, இரவு 10:14
நாங்கள் அப்போது பார்த்ததும் அதே வகுப்புப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுத்தான். இரண்டாம் வருடம் நன்றாகப் படிக்கிறான் என்று மகிழ்ந்துவிடுவோம். இதை யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சித்தி, இரவு 10:18
அண்ணா, நாளை பள்ளிக்குப் போகும்போது நிறுத்துவதா வேண்டாமா என்று தொடங்காதீர்கள். நிறுத்தினால் இந்த வருடம் செய்யாத எதை அடுத்த வருடம் செய்வீர்கள் என்று கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், யார் கற்பிப்பார், எப்போது மறுபடி சோதிப்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். அதே உதவியை நாலாம் வகுப்பில் வைத்துக் கொடுக்க முடியாதா என்றும் கேளுங்கள்.

மாமா, இரவு 10:21
கேட்கிறேன். கண்ணம்மா, அந்த 2001, 2021 கட்டுரைகளின் இ.ஜே. எண்களை எனக்குத் தனியாக அனுப்பு. அச்செடுத்துக் கையில் கொண்டுபோகிறேன்.

நான், இரவு 10:22
சித்திக்கும் சேர்த்து அனுப்பிவிட்டேன் மாமா. 'ரீடிங் டிஃபிகல்டீஸ்' (வாசிப்புச் சிரமங்கள்) என்ற டிஸ்கிரிப்டரைச் சேர்த்து இன்னொரு முறை தேடுகிறேன். வாசிப்புக்கு வீட்டில் என்ன செய்யலாம் என்று காலையில் எழுதுகிறேன்.

அத்தை, இரவு 10:25
அவன் தூங்கிவிட்டான். நாளைக்கு நீங்கள் எல்லாரும் அவனிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். வகுப்பைப் பற்றி மட்டும் கேட்க வேண்டாம்.