நியோவுக்கு எயார் லங்கா லிவரி அடிக்கலாமா கூடாதா?

வெள்ளவத்தை_விங்ஸ்: மைக்ரோசொஃப்ட் விமான சிமுலேட்டர் கேம்ல ஏ320 நியோவுக்கு, அதான் எயார்பஸ்ஸிட புது மொடல் பிளேனுக்கு, எங்கட பழைய விமானக் கொம்பனி எயார் லங்காவிட லிவரி, அதாவது வெளிப் பெயின்ட், செய்து முடிச்சிட்டன். சிவப்புக் கோடு, வால்ல மயில், எல்லாம் இருக்கு. படமும் ஃபைலும் மேல போட்டிருக்கு, கேமிட கொம்யூனிட்டி ஃபோல்டர்ல போட்டா சரி.

ரத்மலானை_22: வடிவா இருக்கு தம்பி, ஆனா பிழை. எமிரேட்ஸ் 1998ல பங்கு வாங்கி உள்ள வந்ததோட எயார் லங்கா எண்ட பேரே போச்சு, நியோ முதல்ல பறந்ததே 2014ல. எயார் லங்காவிட்ட பழைய ஏ320 இருந்தது தானே, சின்ன எஞ்சின், செட்டை நுனில மேல வளைஞ்சு நிக்கிற ஷார்க்லெட் இல்லாதது, அதுக்கு அடிச்சிருந்தா நான் தான் முதல் ஆளா டவுன்லோட் பண்ணியிருப்பன்.

வெள்ளவத்தை_விங்ஸ்: அண்ணை, லுஃப்தான்சா 2015ல 747-8க்கு பழைய பெயின்ட் அடிச்சது, பிரிட்டிஷ் எயார்வேஸ் 2019ல 747-400க்கு தங்கட பழைய கொம்பனி பிஓஏசிட நிறம் அடிச்சது. பிஓஏசி காலத்தில ஏது 747-400? அவங்க அடிச்சா ரெட்ரோ, நான் அடிச்சா பிழையோ?

ரத்மலானை_22: அது கொம்பனியே அடிச்சு உண்மையா பறந்தது. உங்கட படம் நாளைக்கு ஃபேஸ்புக்ல "அந்தக் கால எயார் லங்கா" எண்டு சுத்தும், கீழ ஆக்கள் வந்து "எங்கட அப்பா இதில தான் சவுதி போனவர்" எண்டு எழுதுவினம். அந்தக் கால ட்ரைஸ்டார் பிளேன்ல போன மனுசனை நீங்க நியோல ஏத்தி விடுறீங்க.

கொட்டாஞ்சேனை_கேமர்: வரலாறு கதைச்சது போதும், அந்தக் கோட்டப் பாருங்க மச்சான், முன் கதவுக்கிட்ட உடைஞ்சு நிக்குது. டெக்ஸ்சர்ல, அதான் பிளேனுக்கு மேல ஒட்டுற படத்தில, பிளேன் உடம்பு ஒரே துண்டா இருக்காது, துண்டு துண்டா விரிச்சு வச்சிருப்பாங்க, ஒண்டுல நேரா போட்டாலும் அடுத்த துண்டுல கொஞ்சம் ஏறி நிக்கும், அத வெளிக் கேமரால பாத்துப் பாத்து தான் இழுத்துப் பொருத்தணும், வேற வழி இல்ல. அதோட வெள்ளைய ஆகக் கூடின பிரகாசம் 255ல வச்சிருக்கீங்க, கட்டுநாயக்கா எயார்போர்ட்ல மத்தியானம் நிப்பாட்டினா கண் கூசுது, பேனல் கோடு ஒண்டுமே தெரியல, கொஞ்சம் சாம்பல் கலங்க. இன்னொண்டு, 4096 சைஸ் டிடிஎஸ் படத்த கம்ப்ரஸ் பண்ணாம போட்டிருக்கீங்க. ஒரு படம் 64 எம்பி. பிசி7 கம்ப்ரஷன்ல சேவ் பண்ணினா 16 தான். என்ட கிராஃபிக்ஸ் கார்ட் அழுவுது.

தெஹிவளை_மொட்டைமாடி: நான் ரத்மலானை அண்ணாட பக்கம் இல்ல, சிமுலேட்டர் எண்டாலே இல்லாததைப் பறக்க விடத்தானே. ஆனா லிவரி பேர்ல "கற்பனை" எண்டு ஒரு சொல்லைச் சேர்த்தா என்ன குறைஞ்சு போகும்?

ரத்மலானை_22: பேர் மெனுல தான் வரும் தங்கச்சி, படத்தில வராது. பதிவு எண்ணையாவது மாத்தச் சொல்லுங்க, இலங்கைக்குரிய 4ஆர் எண்டு தொடங்கி உண்மையான விமானத்திட எண்ணை அப்பிடியே போட்டிருக்கிறார்.

வெள்ளவத்தை_விங்ஸ்: சரி, பேர்ல "கற்பனை" போடுறன், கோட்டையும் வெள்ளையையும் திருத்துறன். எண்ணை மாத்த மாட்டன், 4ஆர் இல்லாட்டி அது எங்கட பிளேனே இல்ல.

ரத்மலானை_22: 4ஆர் இருக்கட்டும், பின்னால இருக்கிற மூண்டு எழுத்தையும் மாத்தும்.

கொட்டாஞ்சேனை_கேமர்: பிசி7ஐ மறந்திட்டீங்க மச்சான்.