ஆளுங்கட்சியை வீட்டுக்கு அனுப்ப, கட்சியில் இல்லாத ஆள் என்ன செய்யலாம்?

கோரையாற்றுக்காரன்:

மன்னார்குடிக்குத் தெற்கே மூன்று ஏக்கர் சொந்தம், இரண்டு ஏக்கர் குத்தகை. இந்தச் சம்பா நெல்லைக் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிவிட்டுப் பதினொரு நாள் காவல் கிடந்தேன். முதல் நாள் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்தான் இருந்தது. சாக்கு இல்லை, லாரி இல்லை என்றார்கள். எட்டாம் நாள் ராத்திரி மழை. பத்தாம் நாள் தார்ப்பாயைத் தூக்கினால் அடி நெல் வெள்ளை வெள்ளையாக முளைவிட்டிருக்கிறது. உள்ளே கையை விட்டால் சூடு. அதற்கப்புறமும் மூட்டைக்கு இவ்வளவு என்று கேட்டார்கள். கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

எந்த ஆட்சி என்று எழுதவில்லை, எழுதினால் பதில் எல்லாம் அதைப் பற்றியே வரும். இருக்கிற அரசு போக வேண்டும், அவ்வளவுதான். எனக்கு மேடையில் பேச வராது. ஃபேஸ்புக்கில் எழுதினால் மச்சான் ஒருவன்தான் லைக் போடுகிறான். என் ஒரு ஓட்டைத் தவிர உருப்படியாக என்ன செய்ய முடியும்? ஐந்நூறு நோட்டீஸ் அடித்து ஒட்டலாமா என்று யோசனை.

சும்மா_ஒருவன்:

எல்லாக் கட்சியும் ஒன்றுதான். நோட்டாவில் குத்திவிட்டு வயலைப் பாருங்கள்.

பழைய பூத் ஏஜெண்ட்:

தம்பி என்றே கூப்பிடுகிறேன், எனக்கு அறுபத்தெட்டு. முதலில் நோட்டா. அதற்கே அதிக ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிகம் வாங்கியவர்தான் எம்.எல்.ஏ. இருக்கிறவருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

நான் 1989 தேர்தலில் முதல்முறை பூத்தில் உட்கார்ந்தேன். ஜெயித்த பக்கமும் இருந்திருக்கிறேன், தோற்ற பக்கமும் இருந்திருக்கிறேன். 1996, 2001, 2006, 2011 என்று நான்கு தடவை தொடர்ந்து ஆட்சி மாறியது. 2016-இல் மாறவில்லை. அந்த வருஷம் டீக்கடையில் கோபம் குறைவாக இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. எதிர் ஓட்டு நாலா பக்கமும் சிதறியது. அதே தேர்தலில் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 ஓட்டு. 2021-இல் தியாகராய நகரில் 137. இதெல்லாம் ஒரு தெருவின் கணக்கு தம்பி. அதனால் தொகுதியை விட்டுவிடுங்கள், உங்கள் பூத்தை மட்டும் பாருங்கள்.

தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் உங்கள் பாகத்தின், அதாவது உங்கள் பூத்தின், வாக்காளர் பட்டியல் கிடைக்கும். அச்செடுத்துத் திண்ணையில் உட்காருங்கள், கூட உங்கள் அம்மாவை உட்கார வையுங்கள். ஊரில் யார் செத்தது, யார் வீட்டுக்கு மருமகள் வந்தது என்பது ஆண்களுக்குத் தெரியாது. நான் ஒருமுறை அப்படி உட்கார்ந்தபோது, எட்டு வருஷத்துக்கு முன் காரியம் முடித்த கிழவி பட்டியலில் உயிரோடு இருந்தார். அதே தெருவில் கைக்குழந்தையோடு நின்ற மூன்று மருமகள்களுக்கும் பெயர் இன்னும் அம்மா வீட்டு ஊரில். ஓட்டுப் போடுகிற அன்றைக்கு அவர்கள் அங்கேயும் போவதில்லை, இங்கேயும் போட முடியாது. இடம் மாற்றப் படிவம் 8, புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, இறந்தவரை நீக்கப் படிவம் 7. சந்தேகம் என்றால் 1950-க்கு அடியுங்கள். 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வெளியூர்ப் பிள்ளைகள் பெயர் எத்தனையோ விழுந்துவிட்டது, அதையும் பாருங்கள். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளோடு பட்டியல் மூடிவிடும், அதிகாரி விசாரிக்கவும் நாள் வேண்டும். கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

அப்புறம் போன தேர்தலின் படிவம் 20. உங்கள் பூத்தில் யாருக்கு எத்தனை விழுந்தது என்று அதில் இருக்கும். உங்களுக்குப் பிடித்தவரா என்று பார்க்காதீர்கள், ஆளுங்கட்சியை அடுத்து நிற்கிறவர் யார் என்று பாருங்கள். அவருடைய ஆளிடம் போய், தேர்தலன்று ஏஜெண்டாக உட்காருகிறேன் என்று சொல்லுங்கள். எந்தக் கட்சியும் வேண்டாம் என்று சொல்லாது. பாதி ஊர்களில் விடிகாலை ஐந்தரை மணிக்கு, மெஷினைச் சோதிக்கிற மாதிரி வாக்குப்பதிவைப் பார்க்க அவர்களுக்கு ஆள் கிடைப்பதே பாடு. செத்தவர் பெயரில் ஒருவன் வந்து நின்றால் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். சாயங்காலம் படிவம் 17சி நகலைக் கையில் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். எத்தனை ஓட்டுப் பதிவானது என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது, எண்ணுகிற அன்றைக்கு அந்த எண் ஒத்துப்போக வேண்டும்.

நோட்டீஸ் அடிக்கலாம். ஆனால் அச்சகத்தின் பெயரும் முகவரியும், வெளியிடும் உங்கள் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். உங்களைத் தெரிந்த இரண்டு பேர் சான்றுக் கையெழுத்துப் போட்ட உறுதிமொழியை அச்சகத்தில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதம் வரை உள்ளே போகலாம். ஒருவரை ஜெயிக்கவைக்க அவர் அனுமதி இல்லாமல் செலவு செய்வதும் குற்றம். அந்தக் காசுக்குப் பட்டியலை நகல் எடுங்கள்.

நீடாமங்கலம் பொண்ணு, இப்போ திருப்பூர்:

அண்ணா, எங்களை விட்டுவிட்டீர்களே. எங்கள் கம்பெனி லைனில் மட்டும் திருவாரூர், மன்னார்குடிப் பக்கத்து ஆட்கள் இருபது பேருக்கு மேல். பொங்கலுக்கு வருவோம், ஓட்டுக்கு வர மாட்டோம். லீவு கேட்டால் சம்பளம் போகும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். போன தடவை ஒரு அக்காதான் சட்டத்தில் இருக்கிறது என்று சொன்னார்: 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு, ஓட்டுப் போடுகிற நாள் சம்பளத்தோடு விடுமுறை. அந்தப் பக்கத்தை அச்செடுத்து சூப்பர்வைசரிடம் காட்டினோம். முறைத்தார், விட்டுவிட்டார். செம்மொழி எக்ஸ்பிரஸில் எங்களில் ஒன்பது பேர் வந்தோம். உட்கார இடமில்லாமல் தஞ்சாவூர் வரை நின்றேன். ஊரில் ஒருவர் எங்கள் நம்பரை எடுத்து இரண்டு வாரத்துக்கு முன்பே கூப்பிட்டால் இன்னும் பேர் வருவார்கள். தேர்தலுக்கு முந்தின நாள் கூப்பிட்டால் டிக்கெட் கிடைக்காது.

பழைய பூத் ஏஜெண்ட்:

நல்ல யோசனை அம்மா. அவரவர் காசில் ரயிலிலும் பஸ்ஸிலும் வாருங்கள். வேட்பாளர் தரப்பில் வேன் பிடித்து இலவசமாக ஓட்டர்களை ஏற்றினால் அது ஊழல் நடவடிக்கை, வழக்குப் போட்டால் ஜெயித்ததும் செல்லாமல் போகலாம்.

வடவாறு:

பணத்தை யாரும் பேசவில்லையே? 2016-இல் பட்டுவாடாவுக்காகத் தஞ்சாவூர்த் தொகுதித் தேர்தலையே நிறுத்தி, நவம்பர் 19-இல் நடத்தினார்கள். எங்கள் தெருவில் கவரை வாங்கிக்கொண்டு சாமி படத்தில் சத்தியம் செய்கிறார்கள். பட்டியலைத் திருத்தி என்ன ஆகப்போகிறது?

பழைய பூத் ஏஜெண்ட்:

கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். வீடியோ எடுத்துத் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் அனுப்பினால் 100 நிமிடத்துக்குள் ஆள் வர வேண்டும். ஆனால் சொந்தத் தெருவில் சொந்தக்காரனை எவன் வீடியோ எடுப்பான்? "வாங்காதீர்கள்" என்று பேசி ஒரு தெருவையும் நான் திருத்தியதில்லை. நான் சொல்வது ஒன்றுதான்: மெஷினுக்கு உங்கள் முகம் தெரியாது. யாருக்குப் போட்டீர்கள் என்று காட்டுகிற சீட்டு ஏழு விநாடி உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரியும், அப்புறம் பெட்டிக்குள் விழுந்துவிடும். பூத்துக்கு மொத்தம் எவ்வளவு என்பதுதான் வெளியே வரும். இதைக் கிழவிகளுக்குப் புரியவைக்க எனக்கு மூன்று தேர்தல் ஆனது.

கோரையாற்றுக்காரன்:

அம்மாவோடு நான்கு சாயங்காலம் உட்கார்ந்தேன். எங்கள் பாகத்தில் 1,040 பெயர். இறந்தவர் 14. இடம் மாற்றாத மருமகள்கள் 23. திருப்பூர், சென்னை, சிங்கப்பூர் என்று போனவர்கள் 88. சிங்கப்பூர்க்காரர்கள் நேரில் வந்தால்தான் உண்டு, அவர்களை விட்டுவிட்டேன். மிச்சப் பேரின் நம்பரை அம்மாவே வீடு வீடாகப் போய் வாங்கி, ரேஷன் கார்டு உறையில் வைத்திருக்கிறார். நோட்டீஸ் யோசனையைக் கைவிட்டுவிட்டேன்.

நேற்று ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர் வந்து எதிர்த் திண்ணையில் உட்கார்ந்தார். "என்ன மாப்ளே, கணக்கெடுப்பா?" என்றார். ஆமாம் மாமா என்றேன். டீ வந்தது. குடித்து முடிக்கிறவரைக்கும் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, "நம்ம சின்ன மருமகள் பேரும் இன்னும் பாபநாசத்துலயே கிடக்கு, அதையும் பாரேன்" என்றார்.

படிவம் 8 எழுதி வைத்திருக்கிறேன். ஆதார் நகல் எடுத்து வரப் போயிருக்கிறார்.