உதவி: அத்தானின் பழைய திறீ நொட் திறீ (.303) துவக்கு, ஒரே தோட்டா ஒரு நாள் நல்லது, மறுநாள் மோசம்

கல்லடிக்காரன்: அவசரம். அத்தான் மெல்பேர்னில் லைசென்ஸோடு சுடுகிறவர். ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆலையில் 1942இல் செய்த லீ என்ஃபீல்ட் துவக்கு. தோட்டாவைத் தானே நிரப்பி ஆறு விதம் சோதித்தார், கணக்குப் பார்ப்பது நான். இரண்டாம் விதத்தின் பரவல் (ஆகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைக்கு இடைத்தூரம்) போன கிழமை 31 மி.மீ., இந்தக் கிழமை 62. எதை நம்புவது? ஞாயிறு போட்டி.

வாழைச்சேனை: எத்தனை மீற்றர்? எத்தனை வெடி? விதத்துக்கு விதம் எதை மாற்றினார்?

அக்கரைப்பற்று: சன்னத்தின் (தோட்டாவில் பறந்து போகும் முனை) விட்டம் எவ்வளவு? பெயர் .303 என்றாலும் குழலுக்கு .311 அங்குல அளவில் சன்னம் வேணும். .308 போட்டால் தளர்ந்துதான் போகும். பாதிப் பேர் விடும் பிழை இது.

பழைய கை: மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார், பழைய இழைகளை வாசிப்பதில்லை. லீ என்ஃபீல்டில் முதலில் பார்க்க வேண்டியது முன்கட்டை. மரம் சுருங்கிக் குழலைச் சரியாகத் தாங்காவிட்டால் எந்த வெடிமருந்தும் உதவாது. அதற்குப் பிறகு வாங்க.

கல்லடிக்காரன்: மன்னிக்கணும். 100 மீற்றர், மணல் மூட்டையில் வைத்து, விதத்துக்கு மூன்று வெடி. சன்னம் .311தான், எடை 174 கிரேன். மருந்து, சன்னத்தின் பிராண்ட், பிரைமர் (மருந்தைப் பற்ற வைக்கும் சின்ன மூடி) எல்லாம் விதத்துக்கு விதம் மாறியிருக்கு.

பழைய கை: இதை முதலே எழுதியிருக்கலாம்.

வாழைச்சேனை: மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்? ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்க. பிரைமர் மாறினால் அழுத்தமும் மாறும். மருந்துக் கம்பனியின் கைநூலில் உள்ள தொடக்க அளவுக்கு இறங்கித்தான் மறுபடி ஏற வேணும்.

கணக்கு ரீச்சர்: தம்பி, பிழை மூன்று வெடியில் இருக்கு. ஒரே தோட்டா, ஒரே துவக்கு, மூன்று வெடியின் பரவல் சராசரி 48 மி.மீ. என்று வையுங்கள். அதே தோட்டா ஐந்து வெடிக்கு 61, பத்துக்கு 76 அளவில் வரும். மூன்று வெடியில் 31உம் வரும், 62உம் வரும். உங்கள் இரண்டு கிழமையும் ஒன்றுதான். விதத்துக்குப் பத்து வெடியாவது வேணும்.

அக்கரைப்பற்று: சன்னத்தின் அடி தட்டையா, படகு வாலா (பின்பக்கம் ஒடுங்கியதா)? 1910இல் பிரிட்டிஷ் இராணுவத்துக்கு வந்த ஏழாம் மார்க் .303 சன்னம் தட்டை அடிதான். தேய்ந்த குழலுக்கு அதுதான் பிடிக்கும்.

பழைய கை: மறுபடி சன்னம். கட்டையைப் பாருங்கள் என்கிறேன்.

வெல்லாவெளி: எங்கட வயலில் யானைக் கரைச்சல். பேர்மிட் துவக்குக்கும் இப்படி வீட்டில் நிரப்பலாமா?

வாழைச்சேனை: வேண்டாம் அண்ணன். இங்கே அது சட்டத்துக்கு விரோதம், கையும் போகும். யானையை வெருட்டும் சத்த வெடிக்கு வனசீவராசிகள் அலுவலகத்துக்குப் போங்க.

வெல்லாவெளி: போனால் முடிந்து போச்சு என்கிறார்கள். விதைத்தவனுக்குத்தான் தெரியும்.

அக்கரைப்பற்று: அதற்காக யானையைச் சுடுவதா? அதன் பாதையில் வேலி போட்டது நாங்கள்.

வெல்லாவெளி: சுடுவேன் என்று நான் சொல்லவில்லை. வெருட்டத்தான்.

கல்லடிக்காரன்: ரீச்சர், நன்றி. சன்னம், பிரைமர் அப்படியே, மருந்து மட்டும் இரண்டு விதம். பத்துப் பத்து சுட்டார்: பரவல் 74, 78 மி.மீ., வித்தியாசம் இல்லை என்றே எடுத்தோம். விலை குறைந்ததோடு போட்டிக்குப் போகிறார்.