45.4 மீட்டர் கயிற்றில் உயிர்களின் வரலாறு: பாம்பன் பவளக்கல்லை எங்கே கட்டுவது?

தங்கச்சிமடம் டீச்சர்:
ஒன்பதாம் வகுப்பு, 40 பிள்ளைகள். கரையில் கயிறு கட்டி, பூமி உண்டானது முதல் இன்று வரை துணி முடிச்சுப் போட்டுக் காட்டலாம் என்று திட்டம். 1 மீட்டர் = 10 கோடி ஆண்டு. பூமிக்கு 454 கோடி வயது, ஆக 45.4 மீட்டர். இரண்டு சந்தேகம். ஸ்ட்ரோமடோலைட்டுக்கு (பாசிப் படலம் அடுக்கடுக்காகக் கல்லானது) 3480 மில்லியன் ஆண்டு என்று இருக்கிறது. எனக்கு அது 3.48 மீட்டரில் வந்து விழுகிறது, கேம்பிரியனுக்கும் (விலங்கு வகைகள் பெருகிய காலம்) பின்னால்! அடுத்தது, பாம்பன் கரையில் மேலே தெரிகிறதே கல்லாய்ப் போன பவளப்பாறை, அதைப் பிள்ளைகள் டைனோசர் காலத்தது என்கிறார்கள். எந்த இடத்தில் கட்டுவது?

பாறைப்பித்தன்:
டீச்சர், மில்லியனை லட்சம் என்று எடுத்துவிட்டீர்கள். ஒரு மில்லியன் என்பது 10 லட்சம். 3480 மில்லியன் = 348 கோடி = 34.8 மீட்டர். இந்தக் கயிற்றில் 1 செ.மீ. 10 லட்சம் ஆண்டு, 1 மி.மீ. ஒரு லட்சம் ஆண்டு. மில்லியனில் இருக்கும் எண்ணை அப்படியே செ.மீ. என்று வைத்துக்கொண்டால் மாற்றுகிற வேலையே இல்லை: 66 மில்லியன் என்றால் 66 செ.மீ., அங்கேதான் டைனோசர் முடிகிறது.

இன்றைய முனையிலிருந்து அளந்தால்: கேம்பிரியன் தொடக்கம் 5.39 மீ. சுறா வகையின் பற்கள் 4.1 மீ. அருகே, முதல் மரங்கள் அதற்குப் பிறகு, 3.85 மீ. அருகே. (மரத்தைவிடச் சுறா மூத்தது என்றால் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் விடவே மாட்டார்கள்.) பெர்மியன் காலத்தின் முடிவு, உயிர்களில் பெரும்பகுதி அழிந்த இடம், 2.52 மீ. பழைய பவள வகைகள் அந்தப் பேரழிவோடு அடியோடு போயின. இன்று மன்னார் வளைகுடாவில் பார் (பவளப்பாறை) கட்டுகிற கல்பவள வகை தலைகாட்டுவது ஏறக்குறைய 2.4 மீட்டரில். நடுவில் அரைச் சாண் கயிறு, பவளமே இல்லை. அந்த இடத்தில் எதையும் கட்டாமல் விடுங்கள்.

இனி உங்கள் பாம்பன் கல். ராமேஸ்வரம் பக்கத்து உயர்ந்த பவளப்பாறைக்கு ரேடியோகார்பன் முறையில் கிடைத்த வயது சுமார் 4,000 ஆண்டு. கயிற்றில் 0.04 மி.மீ. நோட்டுத்தாளின் கனத்தில் ஏறக்குறைய பாதி! கடல் மட்டம் இன்றைவிடக் கொஞ்சம் உயர்ந்திருந்தபோது வளர்ந்த பார் அது. தண்ணீர் இறங்கியதும் வெளியே நின்றுவிட்டது. நிலமும் கொஞ்சம் எழுந்திருக்கலாம் என்று ஒரு கட்சி உண்டு. பார்வைக்குப் பழசாக இருப்பதற்குக் காரணம் வயது இல்லை. சுண்ணாம்புக் கல் உப்புக் காற்றிலும் மழையிலும் சீக்கிரம் அரித்துப் பொத்தலாகும்.

அதற்கு முடிச்சுப் போட முடியாது. கயிற்று நுனியில் ஒரு நோட்டுத்தாளை ஒட்டுங்கள், போதும். இரண்டு தாள் ஒட்டினால் 20,000 ஆண்டு. அப்போது கடல் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் நீரிணை முழுக்கத் தரை, மண்டபத்திலிருந்து தலைமன்னாருக்கு நடந்தே போயிருக்கலாம்.

வடகடல் வாசி:
கயிற்றைப் பற்றி யாரும் பேசவில்லையே. நைலான் வேண்டாம்; இழுத்தால் நீளும், தளர விட்டால் சுருங்கும், 45 மீட்டரில் அந்த வித்தியாசம் மீட்டர் கணக்கில் போகும். நார்க்கயிறும் நனைந்தால் அளவு மாறும். கயிற்றை வெறும் கோடாக வைத்துக்கொண்டு, பக்கத்தில் 50 மீட்டர் ஃபைபர் டேப்பை விரித்து மணலில் குச்சி நடுங்கள். ஒவ்வொரு குச்சியையும் பூஜ்யத்திலிருந்தே அளக்க வேண்டும். முந்திய குச்சியிலிருந்து அளந்துகொண்டே போனால் பிழை சேர்ந்து, பத்தாவது குச்சியில் கால் மீட்டர் தப்பும்.

கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் போகாதீர்கள், மணல் முகத்தில் அடிக்கும், எழுதி வைத்த அட்டையெல்லாம் பறக்கும். அப்போது வடகடல் (பாக் நீரிணை) பக்கம்தான் அமைதி. வாடை (வடகிழக்குக் காற்று) தொடங்கினால் அப்படியே மாறிவிடும்.

முக்கியமாக, செத்துக் கரை ஒதுங்கிய பவளத் துண்டாக இருந்தாலும் எடுத்துக் கட்டக் கூடாது. வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளது. கடல் அட்டையும் அப்படியே. படம் போதும்.

தங்கச்சிமடம் டீச்சர்:
லட்சம், மில்லியன் குழப்பம் தீர்ந்தது. இன்னொன்று: 45 மீட்டரில் 40 மீட்டர் வெறுமையாக இருக்கிறதே. பிள்ளைகள் அங்கே என்ன பார்ப்பார்கள்?

பாறைப்பித்தன்:
வெறுமை இல்லை டீச்சர், அவ்வளவும் நுண்ணுயிர். 34.8 மீட்டரில் உப்பளப் பாத்தியின் படம் ஒன்றைத் தொங்கவிடுங்கள். பாத்தித் தரையில் தோல் போலப் படர்ந்திருக்கும் நீலப்பச்சைப் பாசிப் படலத்தைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அதன் மேல் வண்டல் படியும், படலம் வெளிச்சத்துக்காக மேலேறி மறுபடி படரும். அடுக்கடுக்காக இப்படிக் கல்லானதுதான் ஸ்ட்ரோமடோலைட். மேய்கிற நத்தை உப்பு மிகுந்த தண்ணீரில் தங்காது, அதனால் பாத்தியில் இன்றும் பாசிக்கு ராஜ்யம். மற்ற இடங்களில் மேய்ச்சல் விலங்கு வந்ததும் அது ஒடுங்கிப்போனது.

24 மீட்டரில் ஒரு துருப்பிடித்த ஆணி. பாசி விட்ட ஆக்சிஜன் காற்றில் தங்க ஆரம்பித்த இடம். அதற்கு முன் வந்ததையெல்லாம் கடலில் கரைந்திருந்த இரும்பும் எரிமலை வாயுக்களும் தின்று தீர்த்தன. 16.5 மீ. அருகே உட்கரு உள்ள செல். 7.2 முதல் 6.35 வரை வெள்ளைத் துணி சுற்றுங்கள். பூமியைப் பனி மூடிய காலம், நடுவில் ஒருமுறை உருகியது. 5.75இல் கண்ணுக்குத் தெரிகிற அளவு உடல்கள். "விலங்கு கேம்பிரியனில்தான் வந்தது" என்று மட்டும் அட்டையில் எழுதிவிடாதீர்கள்.

வடகடல் வாசி:
கடைசி 5.39 மீட்டரில் குச்சி நெருக்கியடிக்கும். அதற்கு மட்டும் இரண்டாவது கோடு போடுங்கள், 1 மீட்டர் = 1 கோடி ஆண்டு. 53.9 மீட்டர் வரும், டேப்பை ஒருமுறை நகர்த்த வேண்டும். இரண்டு கோடும் ஒரே நீளம் போலத் தெரிவதால் பிள்ளைகள் குழம்புவார்கள். இரண்டாவதற்கு வேறு நிறக் கயிறு. அதில் ஆவுளியா (கடற்பசு) வம்சம் சுமார் 5 மீட்டரில் தொடங்கும், அப்போது அதற்கு நான்கு கால். அது மேய்கிற கடல்புல், தரையில் பூத்த செடிகளின் வழியில் வந்து கடலுக்குத் திரும்பியது, 10 மீட்டருக்குள். மனிதன் 3 செ.மீ. முதல் கயிற்றில் அவன் வெறும் 3 மி.மீ., குச்சி நட இடம் கிடையாது.