டிஎன்எஸ்செக்: 'களப்பெயர் முத்திரை' என்று சொல்லலாமா?

வணக்கம்.

இணையத்தில் ஒரு தளத்தின் பெயரை, அதாவது களப்பெயரை அடித்தால் அதன் முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ். அது தரும் பதில் உண்மையானதுதானா என்று சரிபார்க்க வழிசெய்வது டிஎன்எஸ்செக் (DNSSEC). இதைத் தமிழில் சொல்லக் 'களப்பெயர்ப் பாதுகாப்பு' போதும் என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாதுகாப்பு என்றதும் மனசுக்கு வருவது பூட்டு, ஆனால் இது எதையும் பூட்டுவதுமில்லை, மறைப்பதுமில்லை. கேள்வியும் பதிலும் வெட்டவெளியில்தான் போய்வருகின்றன. பதிலோடு ஒரு மின்னொப்பம் (டிஜிட்டல் கையெழுத்து) கூட வரும், வழியில் யாராவது கைவைத்திருந்தால் அது ஒத்துப்போகாது, அவ்வளவுதான்.

பெரம்பூரில் ஞாயிறுதோறும், கைபேசியில் முதன்முதலாக இணையம் பார்க்கிறவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். ஓர் அம்மா, "பேங்க் பேரைச் சரியா அடிச்சா சரியான எடத்துக்குத்தானே போவும்?" என்று கேட்டார். போகாமலும் போகலாம். பெயருக்கான முகவரியைத் தேடித் தரும் வழங்கியின் (சர்வர்) நினைவகத்தில் பொய் முகவரியை எவ்வளவு சுலபமாகத் திணிக்கலாம் என்று 2008-இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் டான் கமின்ஸ்கி காட்டினார். திணித்துவிட்டால், ஓர் எழுத்துகூடப் பிசகாமல் அடித்தவரும் திருடன் வாசலில்தான் போய் நிற்பார். இதற்குத்தான் களப்பெயர்ப் பாதுகாப்பு என்றேன். "அப்போ பாஸ்வேர்டையும் அதுவே பாத்துக்குமா?" என்றார். அந்தச் சொல்தான் அவரை அங்கே கொண்டுபோய் விட்டது.

அப்புறம் கீழே காய்கறிக் கடையிலிருந்து ஓர் எடைக்கல்லை வாங்கிவந்து திருப்பிக் காட்டினேன். குழியில் ஈயம் ஊற்றி, அதன்மேல் முத்திரை குத்தியிருக்கும். கல்லை யாரும் ஒளித்துவைப்பதில்லை, எல்லார் கண் முன்னாலும்தான் இருக்கிறது, முத்திரை இருந்தால் நம்பி வாங்குகிறோம். சட்டென்று பிடித்துக்கொண்டார்.

அதனால் 'களப்பெயர் முத்திரை' என்கிறேன். முத்திரைத்தாளோடு குழம்பும் என்பார்கள். முன்னால் களப்பெயர் இருக்கும்போது குழம்பாது. வினையாகவும் இழுத்தபடி வளைகிறது: 2010 ஜூலை 15-இல், எல்லாக் களப்பெயர்களுக்கும் உச்சியில் இருக்கும் வேர் மண்டலம் (ரூட்) முத்திரையிடப்பட்டது, 2018 அக்டோபர் 11-இல் வேரின் முத்திரைத் திறவி (ஒப்பமிடும் கீ) மாறியது. வேர் '.இன்'னுக்கும், '.இன்' தனக்குக் கீழுள்ள களத்துக்கும் சான்று சொல்லிக்கொண்டே போவதை 'முத்திரைத் தொடர்' எனலாம்.

ஒன்றுதான் பாக்கி. முத்திரை குத்தினால் மட்டும் போதாது, அதைப் பார்க்க ஆள் வேண்டும். புதிதாக இணையத்துக்கு வருகிற ஒருவர் தன் சேவை நிறுவனம் கொடுத்த வழங்கியைத்தான் பயன்படுத்துவார், மாற்றத் தெரியாது. அங்கே சரிபார்க்காவிட்டால் அவருக்கு முத்திரையால் ஒரு பயனும் இல்லை. அப்படிச் சரிபார்த்துத் தரும் வழங்கிக்கு, எடைக்கல் பார்க்க வருகிற முத்திரை ஆய்வரை நினைத்து 'முத்திரை ஆய்வி' என்று வைத்துப் பார்த்தேன். ஆய்வி கொஞ்சம் இடறுகிறது. நல்லது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வரும் ஞாயிறு வகுப்பிலேயே சொல்லிப் பார்த்துவிடுகிறேன்.